மஞ்சள் கொப்பரையில் வெந்த எஞ்சின்

கிரீஸ் வாடை என்றால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். சைக்கிள் கடையோ பஸ் ஸ்டாண்டோ, எங்கே அது மூக்கில் ஏறினாலும் முந்தானையை எடுத்துப் பொத்திக்கொள்வேன். "எண்ணெய்தானே, அதுக்கு ஏன் இத்தனை அலட்டல்?" என்று கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். எண்ணெய்தான், இல்லை என்று யார் சொன்னது? ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த எண்ணெய்க்குள்தான் சோறு ஆக்கினேன், தலை வாரினேன், படுத்து எழுந்தேன். பட்டவளுக்குத்தானே தெரியும்.

நான் வாழ்க்கைப்பட்டது நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில். மஞ்சள் விளைகிற பூமி. வீட்டில் மாமனார், என் கணவர், அவருடைய அக்கா. அந்த அக்கா சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். நங்கையா என்று கூப்பிடுவேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். என் தாய்வீடு எடப்பாடி. அங்கே அம்மாவும் தம்பியும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் ஏறக்கூடாது. இது மாமனார் போட்ட சட்டம். "கண்டவன் மூச்சு மேல படும், கண்டவன் இடிப்பான். நம்ம ஊட்டுப் பொம்பளைக்கு அந்தக் கேடு என்னத்துக்கு?" என்பார். அதற்குப் பதிலாகச் சவாரி வண்டி ஒன்று இருந்தது. கூண்டு கட்டி, உள்ளே பஞ்சணை போட்டு, ஜோடிக் காளைகளுக்குக் கழுத்து நிறையச் சலங்கை. வருஷத்துக்கு ஒருமுறை ஆடி நோன்புக்கு அந்த வண்டியில்தான் எடப்பாடி போவேன். வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் போய்ச் சேருவோம். அப்புறம் ஒரு வருஷம் வெக்கை நோய் வந்து ஒரு காளை விழுந்துவிட்டது. ஒற்றைக் காளையைக் கண்ணால் பார்க்கப் பொறுக்காமல் மாமனார் அதையும் கொடுத்துவிட்டார். என் பிறந்த வீட்டுப் பாதை அன்றோடு அடைபட்டது.

அந்தக் கார்த்திகையில்தான் அது வந்தது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரன் கழித்துப் போட்ட பிக்கப்பு வண்டி. அமெரிக்காவில் செய்ததாம். யார் யாரோ ஓட்டித் தேய்த்து, கடைசியில் சேலத்தில் ஒரு தோல் கிடங்குக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைக்கிற கிடங்கு அது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். லாரியில் கட்டி ராசிபுரம் ரோடு வரைக்கும் இழுத்து வந்தார்கள். அங்கிருந்து எங்கள் ஏர்மாடுகள் இழுத்து வந்தன. மாடுகள் கூட அந்த நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தன.

"ஆரத்தி கரைச்சுக் கொண்டா, அம்மிணி!" என்றார் மாமனார்.

ஒரு கையால் தட்டைச் சுற்றினேன், இன்னொரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பதா வாந்தி எடுப்பதா என்று தெரியவில்லை. உப்புத் தோலின் வாடை, நாய் மூத்திரம், புளித்த எண்ணெய், எல்லாம் சேர்ந்து வாசலுக்குள் வந்து குடியேறியது. சீட்டைப் பிரித்தபோது உள்ளே திணித்திருந்த நாருக்குள் எலிக்குஞ்சுகள் மயிர் முளைக்காமல் சிவப்புச் சிவப்பாக நெளிந்தன. என் கணவர் அவற்றை முறத்தில் அள்ளினார். எந்த முறம்? நான் அரிசி புடைக்கிற முறம். அதை அன்றே அடுப்பில் வைத்தேன்.

"எதுக்குங்க இந்தக் கருமம்?" என்று கேட்டேன்.

"சும்மா இரு. இது ஓட ஆரம்பிச்சதுன்னா காலைல கெளம்புனா மத்தியானச் சோத்துக்கு எடப்பாடில இருப்பே," என்றார்.

அந்த ஒரு வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது. அதற்கு மேல் நான் பொறுத்ததெல்லாம் அந்த மத்தியானச் சோற்றுக்காகத்தான்.

வண்டியைச் சரி செய்யச் சேலத்திலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்தார்கள். கிறிஸ்தவர், பஸ்ஸுக்கு வேலை பார்க்கிற பட்டறையிலிருந்து விலகி வந்தவர். சனிக்கிழமை மத்தியானமே "நாளைக்குப் பூசைக்குப் போவணுங்க" என்று கிளம்பிவிடுவார், திங்கட்கிழமை பொழுது ஏறி வருவார். வாய் ஓயாது. எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க, அமெரிக்காக்காரனே அசந்து போற மாதிரி பண்ணிரலாங்க" என்பார். டாங்கியில் ரப்பர் குழாயை விட்டு வாயால் பெட்ரோலை உறிஞ்சி, நான் கோலம் போட்ட இடத்திலேயே துப்புவார். தலைக்குத் தேய்க்க நான் இடித்து வைத்த அரப்புத் தூளை எல்லாம் கையில் கிரீஸ் போக்கவே கரைத்துத் தீர்த்தார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவேயில்லை.

அதைவிட அருவருப்பு, அவருக்கு எங்கள் வீட்டில் நடந்த மரியாதை. அவர் சாப்பிடுவது கட்டுத்தரை ஓரத்தில், மாட்டுக்குப் பக்கத்தில், இலையில். தண்ணீர் குடிக்கத் தனிச் சொம்பு, அது வேலியில் கவிழ்ந்து கிடக்கும். "கிறிஸ்தவனாயிட்டா மட்டும்? அவன் பாட்டன் ஆருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மாமனார். அந்த வண்டியில் அவர் கை படாத ஆணி ஒன்று கிடையாது. மாமனார் உட்காரப் போகிற சீட்டை அமுக்கி அமுக்கி நார் திணித்ததும் அதே கைதான். கைக்குத் தீட்டு இல்லை, சொம்புக்கு உண்டு. நல்ல நியாயம், போங்கள்!

எஞ்சினைக் கழற்றித் தூக்கக் கிணற்றுக் கவலையின் வடக்கயிற்றை அவிழ்த்துப் புளியமரத்துக் கிளையில் போட்டார்கள். மஞ்சளுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய கயிறு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நின்றது. இறக்கிய எஞ்சினில் விரல் கனத்துக்குக் கறுப்புப் பசை அப்பியிருந்தது. "காஸ்டிக் சோடாவுல போட்டு வேக வெச்சா வெள்ளி மாதிரி வந்துருங்க. ஆனா பெரிய பாத்திரம் வேணும்," என்றார் ஃபிட்டர்.

எங்கள் வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் ஒன்றே ஒன்று. மஞ்சள் வேக வைக்கிற கொப்பரை.

நான் குறுக்கே போய் நின்றேன். "மாமா, அது மஞ்சளு வேகற பண்டமுங்க. மஞ்சளு நாளைக்கு எவளோ ஒருத்தி மூஞ்சிக்குப் பூசறதுங்க."

"கழுவுனா போச்சு, அக்கட்டால போ சாமி," என்றார்.

களத்தில் அடுப்பு மூட்டி எஞ்சினைக் கொப்பரையில் வேக வைத்தார்கள். குழம்பு கொதிப்பது போல் கொதித்தது. மேலே ஆடை ஆடையாகக் கறுப்பு நுரை. அதை என் கணவர் மரக்கட்டையால் வழித்து வழித்து வேலியோரம் ஊற்றினார். அந்த இடத்தில் அடுத்த மழைக்குக் கூடப் புல் முளைக்கவில்லை. மாமனார் ஒரு கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, கல்யாணச் சமையலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசியில் மஞ்சள் வெட்டினோம். நானும் நங்கையாவும் சாம்பல், புளி, வைக்கோல் எல்லாம் போட்டு அந்தக் கொப்பரையைத் தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணைக் கிழித்துக்கொண்டோம். போகவில்லை. வெந்த மஞ்சளைக் களத்தில் காயப் போட்டபோதே எனக்கு வாடை தெரிந்தது. சேலத்து மண்டிக்காரர் ஒரு மஞ்சள் விரலை ஒடித்து முகர்ந்தார், நுனியைக் கடித்தார், உடனே தூ என்று துப்பினாராம். "என்னங்க, மஞ்சளைக் கிரீஸ்லயா வேக வெச்சீங்க?" என்று கேட்டதாக என் கணவர் வந்து சொன்னார். சொல்லும்போது சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு முன்னாலேயே, தை நோன்பு கழிந்து, எடப்பாடியிலிருந்து என் தம்பி வந்து போயிருந்தான். வாசலில் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, அம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருது. ஒரு கண்ணு சுத்தமாப் போயிருச்சு. சேலத்து ஆஸ்பத்திரில காட்டுனோம். இன்னொண்ணும் நிக்காது, போனா திரும்பாதுன்னுட்டாங்க. இப்ப கிட்ட வந்து நின்னா மொகந் தெரியுது. அதுக்குள்ள உன்னை ஒருக்காப் பாத்துப்போடோணும்னு பொலம்பிட்டே கெடக்குது. என்ற கூட பஸ்ஸுல வா, நானே கொண்டாந்து உட்டர்றேன்."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார்.

"பஸ்ஸுலயா? உன்ற மச்சான் ஊட்டுக்கு வண்டி வந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலியா தம்பி? இன்னும் கொஞ்ச நாள் பொறு. மகராசியாட்டம் கொண்டாந்து எறக்கறேன்."

தம்பி மோர் கூடக் குடிக்காமல் போனான். என் கணவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பானெட்டைத் தேய்க்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பைத்தியம். விடிந்தால் உப்புத்தாள், பொழுது சாய்ந்தால் உப்புத்தாள். துரு பறந்து வீடெல்லாம் செம்மண் தூவினது போல் கிடக்கும், மோரில் கூட மிதக்கும். என் தாயின் கண்ணைவிட அந்தத் தகரத்தின் பளபளப்பு அவருக்கு அவசரமாக இருந்தது.

பங்குனியில் எஞ்சின் ஓடியது. ஃபிட்டர் சிலுவை போட்டுக்கொண்டு முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுழற்ற, அது இருமி, கறுப்பாகக் கக்கி, பிறகு நிதானமாகத் துடித்தது. களத்தைச் சுற்றி இரண்டு வட்டம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடிப்போய் என் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினேன். அம்மாவுக்கு முறுக்குச் சுட அரிசி ஊற வைக்கப் போனேன்.

"என்ன அம்மிணி அவசரம்? வண்டி ஓடுனாப் போதுமா? நம்ம வண்டின்னு தெரிய வேண்டாமா?" என்றார் மாமனார்.

அங்கிருந்து ஆரம்பித்தது அலங்காரம். ஓடுகிற வண்டியைச் சாளைக் கொட்டகையில் நிறுத்தி வைத்து அலங்காரம்! முதலில் பச்சைப் பெயின்ட். காய்ந்ததும் "பச்சை துலுக்கர் கொடியாட்டம் இருக்குது" என்று சுரண்டச் சொன்னார். அப்புறம் மெரூன். சுரண்டினதில் பள்ளம் விழுந்து, பட்டி வைத்துத் தேய்த்து, மறுபடி மெரூன். அடுத்தது உட்காரும் இடம். டிரைவரும் முதலாளியும் ஒரே பலகையில் உட்காரும்படி செய்திருந்தான் அமெரிக்காக்காரன். அது மாமனாருக்கு ஆகவில்லை. சீட்டை ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கினார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. மாமனாரின் பக்கம் ஒரு சாண் உயர்ந்தது, டிரைவரின் பக்கம் தாழ்ந்தது. ஓட்டப் போவது ஃபிட்டர்தான், வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. அந்த ஆள் உட்கார்ந்தால் முன்கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரியும். கழுத்தை நீட்டி நீட்டி ஆமை மாதிரி ரோட்டைப் பார்க்க வேண்டும்.

"தெரியுதாப்பா?" என்றார் மாமனார்.

"தெரியுதுங்க, ஜோராத் தெரியுதுங்க," என்றார் அவர். அவரிடம் வேறு பதிலே கிடையாது.

அடுத்தது எங்களுக்கு. திறந்த பின்பக்கத்தில் பெண்கள் உட்காருவதாவது! பழைய சவாரி வண்டியை உடைத்து அதன் கூண்டை எடுத்து பிக்கப்பின் முதுகில் ஏற்றினார்கள். சுற்றிலும் பலகை. தூசி வராமலிருக்கச் சந்துக்கெல்லாம் கம்பளி அடைப்பு. மேலே தார்ப்பாய். உள்ளே அதே பஞ்சணை, புது உறையோடு. கதவு பின்னால், கொண்டி வெளியே. "ஓட்டத்துல தொறந்துக்கக்கூடாதல்லோ," என்றார் என் கணவர். முன்பக்கம் டிரைவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அது வழியாக ஃபிட்டர் எங்களைப் பார்த்துவிடுவாராம். அதன்மேல் தகரம் அறைந்து, தகரத்தின் மேல் தாமரையில் லட்சுமி எழுதினார்கள். நங்கையாவுக்குக் கூண்டு பிடித்துத்தான் இருந்தது. "பல்லக்காட்டம் இருக்குது அம்மிணி," என்று பஞ்சணையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கோழி அடைக்கிற பஞ்சாரம் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன்.

கடைசியாக ஒரு குறை. வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறதாம்! "நம்ம காளைச் சலங்கை மூணாவது ஊரு வரைக்குங் கேக்கும். ஒதுங்கி நிக்கறவன் ஒதுங்கி நிப்பான். இது திருட்டுப் பூனையாட்டம் போனா எவன் மதிப்பான்?" என்று மாமனார் கவலைப்பட்டார். ஃபிட்டருக்கு உற்சாகம் பொங்கியது. சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயைப் பாதியில், சரியாகக் கூண்டுக்கு அடியில் அறுத்துவிட்டார். கிளப்பினார் பாருங்கள், புளியமரத்துக் காக்கையெல்லாம் ஊரைவிட்டுப் போயின. மாமனார் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பைப் போல நான் வேறு என்றைக்கும் கண்டதேயில்லை.

இதற்கு நடுவில் வைகாசியில் தம்பி மறுபடி வந்தான். "இப்ப நெழலாட்டந்தான் தெரியுதாம் அக்கா," என்றான். பஸ் என்று வாயெடுக்கவே மாமனார் விடவில்லை. நானே கேட்டேன், கணவரிடம், அழுதே கேட்டேன். "பெயின்ட் காயட்டும்," என்றார். பெயின்ட் காய்ந்தது. கூண்டு முடிந்தபோது ஆனி முடிந்துவிட்டது. ஆடியில் புது வண்டியை வாசலைவிட்டு இறக்கக் கூடாதாம், ஆகாதாம். பட்டாளத்தில் பழசாகி, தோல் கிடங்கில் செத்து, எங்கள் கொப்பரையில் வெந்து எழுந்த வண்டி அது. அதற்குப் புது வண்டி என்று பேர்! ஊரிலுள்ள பெண்களெல்லாம் தாய்வீடு போகிற ஆடியில் நான் அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு சாளை ஓரத்தில் சாணி தட்டினேன். தினமும் ஒருமுறையாவது அதன் சக்கரத்தின் மேல் துப்பினேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, இன்னும் துப்புவேன்.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் பூஜை. கிடா வெட்டினார்கள். ரத்தத்தைப் பானெட்டின் மேல் தெளித்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் தகரம் சுட்டுக் கிடந்தது, ரத்தம் சுர்ரென்று பொரிந்து ஒட்டிக்கொண்டது. ரத்தம் பொரிகிற வாடை, பெட்ரோல் வாடை, சாம்பிராணி. அந்த மூன்றையும் மூக்கில் வாங்கிக்கொண்டுதான், முறுக்குத் தூக்கோடு, நானும் நங்கையாவும் கூண்டுக்குள் ஏறினோம். சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. வெளியே கொண்டி விழுந்தது. முன்னால் மாமனார் உயரத்தில், பக்கத்தில் என் கணவர், தடுப்புக்கு அந்தப்புறம் பள்ளத்தில் ஃபிட்டர்.

ராசிபுரம் தாண்டுவதற்குள்ளேயே எனக்குத் தலை இடிக்க ஆரம்பித்தது. புகை பலகைச் சந்தில் கீழேயிருந்து ஏறி வந்தது. போக வழியில்லை, தூசிக்குப் பயந்து எல்லாச் சந்தையும்தான் கம்பளியால் அடைத்துவிட்டார்களே! கண் எரிந்தது, வாயில் உமிழ்நீர் ஊறியது. முதலில் நான்தான் வாந்தி எடுத்தேன், மடியில். அதைப் பார்த்து நங்கையா எடுத்தார். "தட்டு அம்மிணி, தகரத்தைத் தட்டு," என்றார். லட்சுமியின் முகத்தில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். சலங்கைக்குப் பதிலாக வைத்த அந்தச் சத்தத்தில் என் குத்து யார் காதில் விழும்? கத்தினேன், கதவை உதைத்தேன். கொஞ்ச நேரத்தில் நங்கையாவின் தலை என் தோளில் சாய்ந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. பஞ்சணை முழுக்க வாந்தி. சந்தை அடைத்திருந்த கம்பளியை நகத்தால் பிய்த்து, அந்த ஓட்டையில் அவர் மூக்கை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அப்படியே சேலம் வந்து சேர்ந்தது.

வண்டி நின்றது எங்களுக்காக இல்லை. மஞ்சள் மண்டி வாசலில், அந்தத் துப்பின மண்டிக்காரரிடம் வண்டியைக் காட்டுவதற்காக மாமனார் நிறுத்தச் சொன்னார். வெளியே அவர் குரல் கேட்டது. "பின்னாடி வந்து பாருங்க, உள்ள அரமணையாட்டம் பண்ணியிருக்குது." கொண்டியை எடுத்தார்.

நாங்கள் இருவரும் அவர் காலடியில் சரிந்தோம்.

மண்டிக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தர் குடத்துத் தண்ணீரை நங்கையாவின் முகத்தில் அடித்தார். அவர் கண் திறந்து மூச்சு வாங்கினார். மாமனார் எங்களைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா?

"அட கெரகமே! புதுப் பஞ்சணையைப் பாழ் பண்ணிப்போட்டீங்களே!"

சீ! அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு அவர் மேல் பயம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. முறுக்குத் தூக்கைத் தேடி எடுத்தேன். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் வாயைக் கொப்பளித்தேன், சேலையை அலசிப் பிழிந்தேன்.

"நான் பஸ்ஸுல போறேன்," என்றேன்.

"கதவைத் தொறந்து வெச்சுட்டே போலாம், கொஞ்சம் பொறு அம்மிணி," என்றார் கணவர்.

"நீங்க ஏறி உள்ள உக்காந்துக்குங்க. கொண்டியை வேணும்னா நான் போட்டுட்டுப் போறேன்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "நம்ம ஊட்டுப் பொம்பளை பஸ்ஸுல..."

"நம்ம ஊட்டுப் பொம்பளை இப்ப நடுவீதில வாந்தில கெடந்தாளுங்க மாமா. மண்டியே பாத்துது. இதுக்கு மேல பஸ்ஸுல என்ன கொறைஞ்சு போகும்?"

மஞ்சள் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நங்கையா வாயைத் துடைத்துக்கொண்டார். "போ அம்மிணி, நீ போ. அய்யனுக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார். அவர் தன் அப்பனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எடப்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கூடைக்காரம்மா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "மயக்கமாங்க? இதை மோந்துக்கங்க," என்று அரை எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். சக்கரத்துக்கு வைத்து நசுக்கினார்களே, அதே பழம். காற்று முகத்தில் அடித்தது. மத்தியானச் சோற்று நேரத்துக்கு எடப்பாடியில் இறங்கினேன்.

அம்மா நடையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீதிப்பக்கம் திரும்பியிருந்தது. நான் நேர் எதிரில் போய் நின்றேன். கண் திறந்துதான் இருந்தது. என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"ஆருங்க?" என்றாள்.

என்னை, பெற்றவள், ஆருங்க என்றாள்.

"நாந்தாம்மா," என்றேன்.

துழாவிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா சாமி! சத்தமே கேக்கலியே. உங்கூட்டு வண்டி வந்தா மூணு ஊருக்குக் கேக்கும்னு சொல்லியுட்டாங்களே. கண்ணுதான் ஆடியோட போயிருச்சு, காதாலயாச்சுங் கேப்பமேன்னு காலைல இருந்து இங்கயே உக்காந்திருக்கறேன்."

"வண்டில வரலம்மா. பஸ்ஸுல வந்தேன்."

என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பஸ்ஸுலதானா?" என்றாள் மெதுவாக. "அப்படீன்னா தையிலயே தம்பி கூட அனுப்பியிருக்கலாமல்லோ. அப்ப உன்ற மொகந் தெரிஞ்சுதே எனக்கு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பேச்சுக்குச் சொன்னாலும் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். அன்றைக்கு அவள் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். நெற்றி, மூக்கு, கன்னம் என்று விரலால் தடவிக்கொண்டே வந்தவள் நின்றாள். விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன கண்ணு, மொகமெல்லாம் பிசுபிசுங்குது? கரியா?"

"கரிதாம்மா."

முந்தானையை எச்சில் தொட்டு, சின்ன வயதில் செய்வாளே, அப்படி என் கன்னத்தைத் துடைக்க வந்தாள். கை காதுப்பக்கம் போயிற்று, மறுபடி மோவாய்க்கு வந்தது.

"எங்க இருக்குதுன்னு தெரியல சாமி," என்று முந்தானையை என் கையில் கொடுத்தாள். "நீயே தொடச்சுக்க."